மூன்று வரிசை வண்டி: அத்தைக்கும் சேர்த்து ஏழு பேர், எதை எடுப்பது?

சரவணம்பட்டிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறேன். போகிற இடமெல்லாம் "ஏழு பேர் தாராளமா உட்காரலாம் சார்" என்கிறார்கள். எங்கள் வீட்டு ஏழு பேரை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீடு கோவை சரவணம்பட்டியில். நான், மனைவி, மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 67. அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடக்கிறார், ஆனால் காலை முழுதாக மடக்க முடியாது. இது ஆறு பேர்.

ஏழாவது, சூலூரில் இருக்கும் என் அத்தை. அப்பாவின் அக்கா, 76 வயது. அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தது அவர்தான். குலதெய்வம் கோவில் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. வருடத்தில் மூன்று நான்கு தடவை எல்லோருமாகப் போவோம், மாசி சிவராத்திரிக்குக் கட்டாயம். இப்போது இருப்பது பதினொரு வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். போன சிவராத்திரிக்கு அதில் ஆறு பேரே நெருக்கியடித்துத்தான் போனோம். அத்தை "நான் பஸ்ல வந்துடறேன்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிங்காநல்லூரில் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து அருப்புக்கோட்டை பஸ். நாங்கள் போய்ச் சேர்ந்து நான்கு மணி நேரம் கழித்து, ராத்திரி ஒன்பதரைக்கு, கையில் பையோடு கோவில் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வண்டியில் அவருக்கு ஒரு சீட் இருக்க வேண்டும்.

இனி வண்டி விஷயம். பட்ஜெட் ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 22 லட்சம், அதற்கு மேல் இழுக்க முடியாது. நாள்தோறும் ஓட்டம் குறைவு. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு, மனைவியை ஆபீஸில் இறக்கி, திரும்பி வர 12 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய் வர 520 கிலோமீட்டர். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழி. கடைசி நான்கு கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. அதனால் எஸ்யுவியாக இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மகனுக்கும் உயரமான வண்டி மேல்தான் ஆசை.

என் பட்டியல்: எக்ஸ்யுவி700, சஃபாரி, அல்கசார், ஸ்கார்ப்பியோ-என், கேரன்ஸ் கிளாவிஸ். செகண்ட் ஹேண்டில் இன்னோவா கிரிஸ்டாவும் பார்த்தேன்.

கேள்வி மூன்று. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு கேப்டன் சீட்டா, மூன்று பேர் சேர்ந்து உட்காரும் பெஞ்ச் சீட்டா? டீசலா, பெட்ரோலா? வயதானவர்களை எந்த வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்? இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். மைலேஜ் எவ்வளவு என்பதைவிட, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஐந்து மணி நேரம் எப்படி உட்கார்ந்து வருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

சேலம் பட்டறை:

சார், டீசல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 26 வருடமாக டீசல் வண்டி பார்க்கிறவன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் காருக்கு டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்யும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், ஹைவேயில் ஒரே சீராக இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ஸ்கூல் ஓட்டத்தில் என்ஜின் சூடாவதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் அணைத்தால், கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்த டீசல் கீழே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கும், ஆயில் நீர்த்துப் போயிருக்கும். இப்படி ஏறிய ஆயிலோடு என் பட்டறைக்கு வந்த வண்டிகள் நிறைய. ஓட்டியவர்கள் யாரும் தப்பாக ஓட்டவில்லை. தினமும் நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர் ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் மாதம் ஒரு தடவை 260 கிலோமீட்டர் ஹைவேயில் போகிறீர்கள். அந்த ஓட்டத்தில் வடிகட்டி சுத்தமாகிவிடும். ஆனால் பரீட்சை, மழை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் ஊருக்குப் போகாமல் இருந்தால் லைட் எரியும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவினாசி பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன் என்றால் டீசல் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பணக் கணக்கும் சொல்கிறேன். நீங்கள் எழுதியபடி வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டீசல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டர்போ பெட்ரோல் 11 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு மிச்சம் 29,000 ரூபாய்தான். அதே வேரியன்ட்டில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால் வரியும் சேர்த்து அந்தப் பணம் திரும்பி வர ஆறு வருடம் ஆகும்.

மலை ஏறும்போது, ஏழு பேரோடு, டீசல் இழுக்கிற இழுப்பு தனிதான், அதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் வழியில் மலை இல்லை.

திண்டுக்கல் ரவுண்டானா:

நண்பரே, இரண்டு கணக்கைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யுவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50 இருந்தது. எனவே பழைய வீடியோவில் சொல்லும் விலையை நம்பாதீர்கள். ஆனால் நம் மாநில வாழ்நாள் வரி அப்படியே இருக்கிறது. 2023 நவம்பர் முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19.9 லட்சம் வண்டிக்கு வரி 3.58 லட்சம், 20.1 லட்சம் வண்டிக்கு 4.02 லட்சம். விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் நாற்பத்து நான்காயிரம். 22 லட்சத்துக்குள் ஆன்ரோடு முடிய வேண்டும் என்றால், இன்சூரன்ஸும் போக, 18 லட்சத்துக்குள் இருக்கும் வேரியன்ட்டை மட்டும் பாருங்கள். அதற்கு மேல் டெஸ்ட் டிரைவ் எடுத்தால் மனசு கெட்டுப்போகும்.

இரண்டாவது ஸ்டார், அதாவது வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் என்கேப் சோதனையில் கிடைக்கும் மதிப்பீடு. சஃபாரி 2023 டிசம்பரில் பாரத் என்கேப் முதல் முடிவுகளிலேயே பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து ஸ்டார் வாங்கியது. எக்ஸ்யுவி700 குளோபல் என்கேப்பில் 2021-ல் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு. ஸ்கார்ப்பியோ-என் 2022-ல் பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு மூன்று. இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் அந்தச் சோதனையில் பெரிய பொம்மைகள் முன் சீட்டில், குழந்தை பொம்மைகள் நடு வரிசையில். மூன்றாம் வரிசையில் யாரும் உட்காருவதில்லை. பின்னால் லாரி வந்து இடித்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஸ்டார் சொல்லாது.

அப்புறம், உங்கள் போர்ட்டிகோவை அளந்தீர்களா?

கடைசி வரிசை:

தம்பி, நான் கோவில்பட்டி. வயது 54. எங்கள் கூட்டுக் குடும்பத்தில் இரண்டு ஏழு சீட் வண்டிகள் மாறிவிட்டன. ஒன்பது வருடமாக மூன்றாம் வரிசையில் உட்காருகிற ஆள் நான்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் எழுதுவதை நிறையப் படித்திருக்கிறேன். பின்னால் உட்காருகிறவர்கள் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்றாம் வரிசையில் தலை இடிக்கிறதா, முட்டி இடிக்கிறதா என்று இரண்டை மட்டும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அசல் கஷ்டம் தரையில் இருக்கிறது. பல வண்டிகளில் அந்த இடத்தில் தரை உயர்ந்திருக்கும், சீட் தாழ்ந்திருக்கும். கால் கீழே இருந்தாலும் முட்டி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். தொடை அந்தரத்தில் நிற்கும். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஏறிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று வந்துவிடாதீர்கள். ஓடுகிற வண்டியில் முக்கால் மணி நேரம் பின்னால் நீங்களே உட்காருங்கள். உங்கள் மனைவி ஓட்டட்டும்.

ஆகவே பெரியவர்கள் மூன்றாம் வரிசைக்கு வேண்டாம். பிள்ளைகள்தான் அங்கே. அவர்களின் கால் குட்டையாக இருப்பதால் அந்தத் தரை அவர்களுக்குப் பொருந்தும். உங்கள் அப்பா முன் சீட். சீட்டைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் சாய்த்தால் அந்த வலது கால் நீட்ட இடம் கிடைக்கும். முதலில் பின்புறமாக உட்காரட்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். எங்கள் மாமனாருக்கு டாக்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நடு வரிசையில் உங்கள் அம்மா, அத்தை, உங்கள் மனைவி. இதைப் போட்டுப் பார்த்தால் கேப்டன் சீட்டா பெஞ்சா என்ற கேள்விக்கு விடை வந்துவிடும். கேப்டன் சீட் எடுத்தால் நடு வரிசையில் இரண்டு பேர்தான். உங்கள் பட்டியலில் உள்ள புது வண்டிகளில் பின்னாலும் இரண்டு சீட்தான், ஏழாவது ஆளுக்கு இடமே இருக்காது. உங்களுக்குப் பெஞ்ச்தான்.

ஆனால் கேப்டன் சீட்டின் நடுவே பிள்ளைகள் நடந்து பின்னால் போகலாம், அது பெரிய வசதி. பெஞ்சில் ஒரு ஓரத்தை மடித்துத்தான் அவர்கள் ஏற முடியும். எந்தப் பக்கத்து சீட் மடிந்து வழிவிடுகிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஓரம் இடது பக்கம். ராத்திரி பத்து மணிக்கு நாலு வழிச் சாலையோரம் டீக்கு நிறுத்தும்போது வலது கதவு வழியாகப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. உங்கள் மனைவி இடது ஓரம் உட்கார்ந்தால் அவர் இறங்கி, சீட்டை மடித்து, பிள்ளைகளை இறக்கலாம். பெரியவர்கள் அசைய வேண்டியதில்லை. நடுவில் உட்காருகிறவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலைச் சாய்வும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பையனுக்கு ஆறு வயது என்றால், பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும். அது வண்டியின் பெல்ட்டிலேயே பிடித்து நிற்கும் என்பதால் பின் வரிசையிலும் வைக்கலாம், வண்டிப் புத்தகம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பூஸ்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு டெஸ்ட் டிரைவுக்குப் போங்கள். பின் வரிசையில் பெல்ட் பக்கிள் சீட்டுக்குள் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கச் சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் பெல்ட் போடுவதில்லை. 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தை நினைத்துப் பாருங்கள், அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஏழு பக்கிளும் சொடுக்கிய சத்தம் கேட்காமல் கிளம்புவதில்லை.

வாந்தி. இதையும் யாரும் எழுதுவதில்லை. மூன்றாம் வரிசை பின் சக்கரத்தின் மேலேயே இருக்கும், வளைவில் அதிகமாக ஆடும். பக்கத்துக் கண்ணாடி திறக்காது. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசியில் என் மகன் பட்ட பாடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கே ஏசி காற்று தனியாக வருகிறதா, அதைக் கூட்டிக் குறைக்கத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று மே மாத மத்தியான வெயிலை மனதில் வைத்துப் பாருங்கள். நீங்கள் போகிற வழி சமவெளி, பரவாயில்லை. என்றைக்காவது மலைக்குப் போனால் பிள்ளைகளை நடு வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

சாமான். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் என்ன கொள்ளும் என்று கேளுங்கள். அல்கசாரில் 180 லிட்டர், கேரன்ஸில் 216, கிரிஸ்டாவில் 300. ஏழு பேருக்கு இரண்டு நாள் துணி, பொங்கல் பானை, விறகு வரைக்கும் எடுத்துப் போகிறவர்கள் நாம். பின் சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். பிரேக் போட்டால் பிள்ளைகளின் பிடரியில்தான் வந்து விழும்.

கரிசல் பாதைக்காக எஸ்யுவி என்றீர்களே, நான் கரிசலில் பிறந்தவள். காய்ந்த கரிசலில் எந்த வண்டியும் போகும். மழை பெய்த கரிசலில் டயர் முழுக்க மண் அப்பி, பள்ளம் மேடு தெரியாத உருண்டையாகிவிடும். வண்டி எத்தனை உயரமாக இருந்தாலும் அந்த டயர் சும்மா சுற்றும். சஃபாரி, அல்கசார், கேரன்ஸ் எல்லாம் முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள். எக்ஸ்யுவி700-ல் மேல் வேரியன்ட் டீசலில்தான் நான்கு சக்கரமும் இழுக்கும், அது உங்கள் பட்ஜெட்டில் வராது. மழை நாளில் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு டிராக்டரில் போங்கள். அந்த நான்கு கிலோமீட்டருக்காகப் பெரியவர்கள் வருடம் முழுக்க உயரத்தில் ஏறி இறங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் அத்தையை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஆனால் "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்ன மனுஷி, எந்த சீட் கொடுத்தாலும் நல்லா இருக்குப்பா என்றுதான் சொல்வார். அவர் ஏறும்போது கை எதைப் பிடிக்கத் தேடுகிறது, இறங்கும்போது எங்கே ஊன்றுகிறார், தரையில் கால் பட்டதும் ஒரு நொடி நிற்கிறாரா என்று பாருங்கள். பதில் அதில் இருக்கிறது.

சரவணம்பட்டிக்காரன்:

அக்கா, உங்கள் பதிலை மனைவிக்கும் அப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, "உட்கார்ந்து திரும்புற விஷயம் சரிதான்" என்றார். இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் போர்ட்டிகோ. ரவுண்டானா நண்பர் கேட்ட அன்றைக்கே டேப் எடுத்து அளந்தேன். சுவரிலிருந்து கேட் வரை 15½ அடி, அதாவது 4,724 மில்லிமீட்டர். கிரிஸ்டா 4,735. அரை அங்குலத்தில் போய்விட்டது. எக்ஸ்யுவி700 4,695, சஃபாரி 4,668. உள்ளே நிற்கும், கேட்டும் மூடும். ஆனால் முன்னாலும் பின்னாலும் சேர்த்து ஒன்றிரண்டு அங்குலம்தான் மிச்சம், தினமும் காலையில் மனைவி அவசரமாக எடுக்கும்போது அது சரிப்படாது. ஸ்கார்ப்பியோ-என் 4,662, அதே கதை. அல்கசார் 4,560, கிளாவிஸ் 4,550. மூன்று மாதம் அலைந்தவன் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கேட்டை முன்னால் தள்ளிக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன். அதனால் போன சனிக்கிழமை ஒரு உயரமான வண்டிக்கும், அதற்கு மறுநாள் கிளாவிஸுக்கும் டெஸ்ட் டிரைவ் கேட்டு வாங்கினேன். ஏழு பேரும் வருவோம், அன்னூர் வரை போய் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கூட வரும் ஷோரூம் பையனுக்கு இடமில்லை என்பதால், எங்கள் பழைய வண்டியை மச்சான் ஓட்ட, அந்தத் தம்பி அதில் பின்னாலேயே வந்தார். பூஸ்டர் சீட், இரண்டு துணிப் பை, ஒரு எவர்சில்வர் பானை எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

உயரமான வண்டி ஓட்ட அவ்வளவு சுகம். சத்தி ரோட்டில் எதிரில் வருவதெல்லாம் கீழே தெரிந்தது. மகன் கைதட்டினான். அத்தை ஏறும்போது நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். இடது கையால் கைப்பிடியைத் தேடினார். முதல் தடவை கால் படியில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை அம்மா இடுப்பில் கை கொடுத்த பிறகு ஏறினார். அன்னூரில் டீக்கடை ஓரம் நிறுத்தியபோது, "நீங்க குடிச்சிட்டு வாங்க, நான் உள்ளேயே இருக்கேன்" என்றார். எனக்குத் தெரியும், அத்தை டீயை விட மாட்டார். இறங்கி மறுபடி ஏற வேண்டுமே என்றுதான். திரும்பி வந்ததும் அவரே சொன்னார், "வண்டி நல்லா இருக்குப்பா."

மறுநாள் கிளாவிஸ். வாசல் தாழ்வு. அத்தை உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார், யாரும் கை கொடுக்கவில்லை. அப்பா முன் சீட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே திரும்பினார். மகளும் மகனும் பின்னால். பூஸ்டர் நின்றது, பக்கிள் கைக்கு எட்டியது, ஏசி காற்று வந்தது. மகளுக்குத் தன் பக்கம் சார்ஜர் இருந்ததில் பெரிய திருப்தி. நடு வரிசையில் மூன்று பேர் கொஞ்சம் தோள் உரசிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டே வந்தார்கள். அன்னூரில் நிறுத்தியதும் நான் சுற்றி வருவதற்குள் அத்தை இறங்கி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மனைவி ஓட்டினாள், அக்கா சொன்னபடி நான் மகளோடு இடம் மாறிப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் உயரத்துக்கு அரை மணி நேரம் தாங்கும், ஐந்து மணி நேரம் தாங்காது. பிள்ளைகள் வளரும்போது இந்தப் பிரச்சினை வரும். மகளுக்கு இப்போதே 150 சென்டிமீட்டர். நான்கைந்து வருடத்துக்குள் அவள் இடத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். தெரிந்தேதான் எடுக்கிறேன்.

ஏழு பேரும் ஏறிய பிறகு டிக்கியில் இரண்டு துணிப் பைதான் போனது. பானை அப்பாவின் காலடியில் வந்தது, அது ஆகாது. சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். பானை, அடுப்பு, கரண்டி ஒரு செட் ஊரில் அவர் வீட்டிலேயே வாங்கி வைத்துவிடப் போகிறோம். துணிக்குச் சூட்கேஸ் வேண்டாம், மடங்குகிற பைகள்தான்.

பட்டறை அண்ணன் கணக்குப்படி பெட்ரோல். ஏழு பேர் ஏறினால் இழுக்க வேண்டும் என்பதால் 160 குதிரைத் திறன் உள்ள 1.5 டர்போ, மேனுவல் கியர், ஏழு சீட். ஆன்ரோடு பட்ஜெட்டுக்குள் முடிகிறது. நேற்று புக்கிங் பணம் கட்டினேன். மகனிடம் மட்டும் இது ஏன் அந்த உயர வண்டி இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. "அத்தைப் பாட்டி டீ குடிக்கலையில்ல, அதனால" என்றேன். புரிந்துகொண்டான்.

கடைசி வரிசை:

நல்லது தம்பி. இரண்டு விஷயம் மட்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் டயர் காற்று அளவு ஒட்டியிருக்கும். இரண்டு பேர் போகும்போது ஒரு அளவு, முழு ஆளும் சாமானும் ஏறும்போது வேறு அளவு என்று தனித்தனியாக எழுதியிருந்தால், கிளம்பும் முன் பெட்ரோல் பங்கில் அந்த முழு அளவுக்குக் காற்று பிடித்துக்கொள்ளுங்கள். டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். அப்பாவின் முழங்காலுக்கும் நல்லது, நடுவில் உட்கார்ந்து வருகிறவருக்கும் நல்லது.

சரவணம்பட்டிக்காரன்:

குறித்துக்கொண்டேன் அக்கா. சிவராத்திரி 2026 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூலூரில் அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். உடுமலையில் முதல் டீ.